கேட்டாலும் கேட்டீர்கள்: கொலஸ்ட்ரால் சவ்வை இறுக்குமா, இளக்குமா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு ரத்தத்தில் இல்லை, செல்களின் சவ்வில் இருக்கிறது, அதை உருவி எடுத்தால் செல் நிற்காது." அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. முப்பது வருஷம் செயற்கைச் சவ்வுகளைச் சூடாக்கியும் குளிரவைத்தும் வேடிக்கை பார்த்தே பிழைப்பை ஓட்டியவள் நான். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஆசிரியரிடம் சண்டை போட்டு இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே வாங்கிக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். "கொலஸ்ட்ரால் சூட்டில் சவ்வை இறுக்கும், குளிரில் இளக்கும்" என்று பாடம். "ஒரே ஆள் எப்படி டீச்சர் ரெண்டு வேலையும் பார்க்கும்?" என்று ஒரு பையன் கேட்டான். "அது ஒரு சமநிலைப்படுத்தி" என்று சொல்லிச் சமாளித்தேன். சரிதானா? (ஓர் ஆசிரியை)

சமாளித்தேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'சமநிலைப்படுத்தி' என்பது பெயர், விளக்கம் இல்லை. பாடத்தில் இருக்கும் வரி பொய்யும் இல்லை. ஆனால் அதைப் படித்தால் கொலஸ்ட்ராலுக்கு வெப்பமானி பார்க்கத் தெரியும் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு சாமர்த்தியமும் அதற்குக் கிடையாது. எந்தச் சூட்டிலும் அது செய்வது ஒரே வேலைதான். அக்கம்பக்கத்தில் நிற்பவர்களின் நிலைதான் மாறுகிறது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 27 கார்பன்கள். நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சின்னப் பலகையாக நிற்கின்றன. அந்தப் பகுதி மடங்கவே மடங்காது. ஒரு முனையில் ஒற்றை ஹைட்ராக்சில். தண்ணீரோடு அதற்கு இருக்கும் உறவு அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். மறுமுனையில் எட்டு கார்பனில் ஒரு குட்டை வால். மொத்த நீளம் ஏறக்குறைய 2 நானோமீட்டர். சவ்வு இரண்டு அடுக்கு என்பது தெரியும்தானே? அதில் ஓர் அடுக்கின் ஆழத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

பக்கத்தில் நிற்பவர் பாஸ்போலிப்பிடு, சவ்வைக் கட்டும் லிப்பிட், அதாவது கொழுப்பு மூலக்கூறு. ஒரு தலை, இரண்டு நீண்ட வால்கள். சூடாக இருக்கும்போது அந்த வால்கள் சும்மா இருக்காது. நெளியும், மடங்கும், பக்கத்து ஆளின் இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இந்தக் கூட்டத்துக்குள் நம் பலகையைச் செருகுங்கள். பலகையை ஒட்டி நிற்கும் வாலுக்கு நெளிய இடமில்லை. நிமிர்ந்துதான் ஆக வேண்டும். வால் நிமிர்ந்தால் சவ்வு தடிக்கும், ஒவ்வொருவரும் பிடிக்கும் பரப்பு சுருங்கும். லீத்ஸ் என்பவர் 1925இலேயே தண்ணீர்ப் பரப்பில் லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ராலும் கலந்து ஒற்றை அடுக்குப் படலம் விரித்து இதைப் பார்த்துவிட்டார். தனித்தனியாக இரண்டும் பிடிக்கும் பரப்பைக் கூட்டினால் வரும் தொகையைவிடக் கலவை பிடித்த பரப்பு குறைவு. இன்றைக்கும் இதற்குச் 'சுருக்கும் விளைவு' என்றுதான் பெயர். நீங்கள் நடத்தும் 'இறுக்கும்' பாதி இதுதான்.

இனி மறுபாதி. குளிரில் வால்கள் தாமாகவே நிமிர்ந்து, வரிசை கட்டி, நெருக்கி நின்றுவிடும். இதை ஜெல் நிலை என்போம். பார்க்க நீர்போலத் தெரிந்தாலும் உள்ளே கிட்டத்தட்டப் படிகம். யாரும் இடம் மாற முடியாது. இந்த வரிசைக்குள் அதே பலகை நுழைகிறது. பலகையின் வடிவமும் வாலின் வடிவமும் ஒன்றில்லை. அடுக்கு கலைகிறது. வரிசை கலைந்ததும் ஆட்கள் நகரத் தொடங்குகிறார்கள். பலகை செய்த வேலை இங்கேயும் அதேதான்: நடுவில் போய் விறைப்பாக நின்றது.

நான் முதன்முதலில் இதைக் கண்ணால் பார்த்தது, சூடேறும் மாதிரி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் வெப்ப அளவியில். டிபிபிசி என்று ஒரு லிப்பிட். இரண்டு வாலும் நிறைவுற்றவை, அதாவது கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை, தலா 16 கார்பன். அதைத் தண்ணீரில் கலக்கி மெதுவாகச் சூடேற்றினால் 35 டிகிரி அருகே ஒரு சின்ன மேடு, 41 டிகிரியில் ஊசி மாதிரி ஒரு சிகரம். ஜெல் உருகும் இடம் அது. ஐந்து சதவீதம் கொலஸ்ட்ரால் போட்டேன், சின்ன மேடு போனது. இருபது போட்டேன், ஊசி அகன்று கூன் விழுந்தது. ஐம்பது போட்டபோது வரைபடத்தில் ஒரு நேர்கோடு. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மாதிரியை மாற்றி மூன்று தடவை ஓட்டினேன். அதுவரை 1968இல் சாப்மன் குழு எழுதிய கட்டுரையை நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். உருகும் கட்டமே காணாமல் போகும் என்று அதில் அழகாகப் போட்டிருந்தார்கள். உருகுவதற்குத் தனியாக ஒரு திடநிலை இருந்தால்தானே உருகும்?

ஆக, நடுவில் ஒரு மூன்றாவது நிலை இருக்கிறது. வால்கள் ஜெல்லில் போல நிமிர்ந்து நிற்கின்றன. ஆட்கள் திரவத்தில் போல இடம் மாறுகிறார்கள். 1987இல் ஐப்சன், மோரிட்சன் ஆகியோர் கோட்பாட்டுக் கணக்கு போட்டு இதற்குத் 'திரவ ஒழுங்கு நிலை' என்று பெயர் வைத்தார்கள். ஜெல்லில் மூலக்கூறின் நகர்வு நூறு மடங்குக்கு மேல் சுணங்கிவிடும். இந்த நிலையிலோ சாதாரணத் திரவச் சவ்வைவிட இரண்டு மூன்று மடங்குதான் மெதுவு. உங்கள் மாணவனிடம் நான் சொல்லச் சொல்வது இதைத்தான்: நிமிர்ந்து நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. சாதாரணமாக இரண்டும் ஒட்டிப்பிறந்தவை போலச் சேர்ந்தே வரும். கொலஸ்ட்ரால் அவற்றைப் பிரித்துவிடுகிறது. 'இறுக்கும், இளக்கும்' என்ற ஒற்றை அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் முரண்பாடு மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் காட்ட ஆசையா? பிள்ளைகளை நெருக்கமாக நிற்கவைத்துக் கையை வீசச் சொல்லுங்கள். மூன்றில் ஒருவர் மட்டும் கையை உடம்போடு ஒட்டி விறைப்பாக நிற்கட்டும். பிறகு எல்லோரையும் மெல்ல இடம் மாறி நடக்கச் சொல்லுங்கள். பாதி நிமிடத்தில் புரிந்துவிடும், கொஞ்சம் சத்தம் வரும்.

கேள்வி: எனக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 240. அப்படியானால் என் செல்களின் சவ்வெல்லாம் விறைத்துப் போயிருக்குமா? (பயந்த வாசகர்)

பயப்படாதீர்கள். அப்படி நேராகக் கணக்குப் போட முடியாது. அந்த 240 மில்லிகிராம் என்பது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் லிப்போபுரதங்கள் என்ற பொதிகளில் ஏறிப் பயணம் போகும் சரக்கின் அளவு. செல் அந்தச் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக்கொள்ளாது. உள்ளே கறாரான ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேடிக்கை. செல்லின் வெளிச்சவ்வில் லிப்பிடுகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொலஸ்ட்ரால். உள்ளே எண்டோபிளாச வலையில் ஐந்து சதவீதம் வாக்கில்தான். கணக்குப்பிள்ளை இருப்பது இந்த ஏழை வீட்டில். அங்கே அளவு ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் உடனே உற்பத்தி நிறுத்தம், வெளியிலிருந்து வாங்கும் ஏற்பிகளும் குறைப்பு. குறைந்தால் இரண்டும் மறுபடி ஆரம்பம். கொஞ்சமே இருக்கும் இடத்தில்தான் சின்ன மாற்றமும் பளிச்சென்று தெரியும். பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் வாங்கியது கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டைத் துலக்கியதற்கு. இந்த ஐந்து சதவீத வாசலை அவர்கள் குழு 2008இல் அளந்து காட்டியது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: சிவப்பணு. அதில் உட்கருவும் இல்லை, உள்வலையும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. சுற்றியுள்ள பிளாஸ்மாவோடு கொலஸ்ட்ராலைப் பரிமாறிக்கொண்டு காலம் தள்ளுகிறது. கல்லீரல் கடுமையாகப் பழுதானவர்களில் சிலருக்குச் சிவப்பணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுந்து, வட்டத் தட்டாக இருக்க வேண்டியது முள் முளைத்த மாதிரி ஆகிவிடும். மண்ணீரலின் குறுகலான இடுக்குகளில் புகுந்து வர முடியாமல் அங்கேயே அழிந்துபோகும். சவ்வின் இயற்பியல் நேராக நோயாக மாறும் இடம் இது. 240க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த எண்ணால் வரும் ஆபத்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிவது பற்றியது. அது வேறு கதை; அதை உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நான் சவ்வைப் புகழ்கிறேன் என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: பாக்டீரியாவுக்கும் கொலஸ்ட்ரால் உண்டா?

பெரும்பாலும் கிடையாது. ஈ.கோலை இல்லாமலே நன்றாக வாழ்கிறது. குளிர்ந்தால் வால்களில் இரட்டைப் பிணைப்பைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். சில பாக்டீரியாக்கள் ஹோப்பனாய்டு என்று இதே போன்ற வேறொரு பலகையைச் செய்கின்றன. செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா பலவும் தாமாகச் செய்யத் தெரியாமல், தங்கியிருக்கும் உடம்பிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துத் தம் சவ்வில் போட்டுக்கொள்கின்றன.

கேள்வி: மேடம், வேதியியல் படிக்கிறேன். விறைப்பான பலகைதான் வேண்டும் என்றால் எத்தனையோ வளைய மூலக்கூறுகள் இருக்கின்றன. இயற்கை ஏன் இதையே பிடித்துக்கொண்டது?

நல்ல கேள்வி. பலகைக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் இரண்டு மெத்தில் முண்டுகள், மறுமுகம் வழவழப்பு. அந்த வழவழப்பான முகத்தை ஒட்டித்தான் நிறைவுற்ற வால் நன்றாகப் படிந்து நிமிரும்.

இதற்கு அத்தாட்சி உற்பத்தி வரிசையிலேயே இருக்கிறது. செல் முதலில் லானோஸ்டீராலைச் செய்கிறது. அதிலும் நான்கு வளையம், அதிலும் ஹைட்ராக்சில். ஆனால் கூடுதலாக மூன்று மெத்தில்கள். அவற்றில் 14ஆம் கார்பனில் இருப்பது சரியாக அந்த வழவழப்பான முகத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். செல் படிப்படியாக, ஏகப்பட்ட ஆக்சிஜனைச் செலவழித்து, மூன்றையும் செதுக்கி எடுக்கிறது. தச்சர் இழைப்புளி போட்டுப் பலகையை இழைப்பது போல. லானோஸ்டீராலையும் கொலஸ்ட்ராலையும் தனித்தனியே சவ்வில் போட்டுப் பார்த்தால் பின்னதுதான் வால்களை அதிகம் நிமிர்த்துகிறது. கொன்ராட் ப்ளாக் 1964இல் நோபல் வாங்கியவர். அந்த உற்பத்திப் பாதையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பரிணாமமே இந்தப் பலகையை இழைத்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது அவர் வாதம். லானோஸ்டீராலுக்கும் முந்திய கச்சாப்பொருளான ஸ்குவாலீனில் ஆரம்பித்து ஒரு கொலஸ்ட்ரால் செய்து முடிக்க 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் வருவதற்கு முந்திய உலகில் இந்தத் தச்சுவேலைக்கு வழியில்லை.

ஆனால் இதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள் என்பது சரியில்லை. தாவரங்களில் சிட்டோஸ்டீரால், ஸ்டிக்மாஸ்டீரால், பூஞ்சைகளில் எர்கோஸ்டீரால். வித்தியாசம் ஓர் எத்தில் அல்லது மெத்தில், ஓரிரண்டு இரட்டைப் பிணைப்பு, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' போதும், ஆம்போடெரிசின் பி மருந்து எர்கோஸ்டீராலை அதிகம் தேடிப் பிடித்துப் பூஞ்சையை வீழ்த்த.

இன்னொன்று. இந்தப் பலகை தட்டையானது என்பதே லேசில் தெரிந்துவிடவில்லை. வீலாண்டும் விண்டவுசும் 1927, 1928ஆம் ஆண்டுகளுக்கான நோபல்களை வாங்கியபோது அவர்கள் போட்டிருந்த வளைய அமைப்பு தப்பு. 1932இல் பெர்னால் ஸ்டீரால் படிகங்களை எக்ஸ் கதிரில் அளந்து, அந்த வரைபடம் சொல்வதைவிட மூலக்கூறு நீளமாகவும் மெலிந்தும் இருக்கிறது என்றார். அதே ஆண்டு படம் திருத்தப்பட்டது.

கேள்வி: ஆய்வு தொடங்கி ஆறு மாதம். டிஓபிசி, டிபிபிசி, கொலஸ்ட்ரால் மூன்றும் கலந்து பெரிய குமிழிகள் செய்கிறேன். ஒரு நாள் திட்டுகள் தெரிகின்றன, ஒரு நாள் இல்லை. வழிகாட்டி என் கையைக் குறை சொல்கிறார்.

கையைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பாருங்கள். இது நான் பட்ட பாடு.

மற்ற வாசகர்களுக்காக: டிஓபிசி என்பது வால்களில் இரட்டைப் பிணைப்புள்ள லிப்பிட். இந்த மூன்றையும் குளோரோபார்மில் கரைத்து, கடத்தும் கண்ணாடியில் படலமாகக் காயவைத்து, சர்க்கரைக் கரைசல் விட்டு, சின்ன மாறுமின்னழுத்தம் கொடுத்தால் படலம் உப்பி உப்பிக் குமிழிகளாகக் கழலும். ஒவ்வொன்றும் ஒரு செல் அளவு, சில சமயம் அதைவிடப் பெரிது. துளிச் சாயம் சேர்த்திருப்போம். நுண்ணோக்கியில் சிவப்புப் பந்து. அறை வெப்பத்துக்கு ஆறும்போது பந்தின்மேல் கறுப்பு வட்டங்கள் முளைக்கும். கொலஸ்ட்ராலும் நிறைவுற்ற லிப்பிடும் கூடி ஒதுங்கிய ஒழுங்குத் திட்டுகள் அவை. சாயம் அங்கே நுழையப் பிடிக்காமல் வெளியே நிற்கிறது. இரண்டு வட்டம் மிதந்து வந்து முட்டும். ஒரு கணம் எட்டு எண்போல நிற்கும். சட்டென்று ஒரே வட்டமாகிவிடும். அந்த வட்டம்தான் ஆதாரம்: ஓரத்தில் இழுவிசை இருக்கிறது, உள்ளும் புறமும் திரவம். ஜெல்லாக இருந்தால் ஓரம் பிய்ந்து, விரல் விரலாக நிற்கும், முட்டினாலும் சேராது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இப்போது என் கதை. ஒரே சீராக இருக்க வேண்டிய சூட்டில் ஒருநாள் திட்டுகள் தெரிந்தன. திட்டுகள் கரைந்து எல்லாம் ஒன்றாகும் கலப்பு வெப்பநிலையைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். கூட வேலை பார்த்த பெண் மேடையை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாள். அங்கே இருந்த குமிழிகள் துடைத்துவிட்ட மாதிரி சீராக இருந்தன. மூன்று நிமிடம் வெளிச்சத்தில் வைத்தோம். அவற்றிலும் திட்டு முளைத்தது. சாயமும் விளக்கும் சேர்ந்து இரட்டைப் பிணைப்புள்ள வால்களை ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டிருந்தன. நான் அளந்தது சவ்வை இல்லை, என் விளக்கை. அந்த இரண்டு பக்கத்தையும் கிழிக்கவில்லை. குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே: சாயத்தைக் குறையுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது இடத்துக்கு நகருங்கள். கொலஸ்ட்ரால் குப்பி எத்தனை நாள் பழையது என்று பாருங்கள். காற்றுப்பட்ட கொலஸ்ட்ரால் தானும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு ஆளாகிவிடும். குளோரோபார்மை எடுக்கப் பிளாஸ்டிக் முனை வேண்டாம், கண்ணாடி ஊசிதான். படலத்தைச் சாவகாசமாகக் காயவிட்டால் கொலஸ்ட்ரால் தனியே படிகமாகப் பிரிந்துவிடும். நீங்கள் போட்டது 30 சதவீதம், குமிழியில் இருப்பது எவ்வளவோ. எல்லாவற்றையும் 41 டிகிரிக்கு நன்றாக மேலே வைத்தே செய்யுங்கள். இதெல்லாம் சரி என்றால், அப்புறம் கையைப் பார்க்கலாம்.

கேள்வி: செல்சவ்வில் 'லிப்பிட் தெப்பங்கள்' உண்மையிலேயே இருக்கின்றனவா?

குமிழியில் பார்த்தது போன்ற ஒழுங்குத் திட்டுகள் செல்சவ்விலும் மிதக்கின்றன என்ற கருத்துக்குத்தான் இந்தப் பெயர். தெப்பம் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கட்டையைக் கட்டி மிதக்கவிட்டது போல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. 1997இல் சைமன்சும் இக்கோனனும் இதைப் பற்றி எழுதிய பிறகு, குளிர்ந்த சலவைத்திரவத்தில் கரையாமல் மிஞ்சியதெல்லாம் தெப்பம் என்று ஆளுக்கு ஆள் கிளம்பினார்கள். அந்தத் திரவமே சவ்வைக் கலைத்து மறுபடி கூட்டிவிடும் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மேலே சொன்ன குமிழிகளில் திட்டு பிரிவது கண்கூடு. உயிருள்ள செல்லிலிருந்து உரித்தெடுத்த சவ்வுக் குமிழிகளைக் குளிரவைத்தாலும் பிரிகிறது, 2007இல் காட்டினார்கள். செல்லின் சொந்தச் சூட்டில், புரதமும் செல்லுக்குள் சட்டம்போல நிற்கும் இழைகளும் பிடித்திருக்கும் நிலையில் அவ்வளவு பெரிய திட்டு இல்லை. இருந்தால் சில பத்து நானோமீட்டர், கண நேரம் கூடிக் கலைவது. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. சண்டை இத்தனை வருஷம் நீடித்ததற்கு அதுவே பாதிக் காரணம். பிரியலாமா வேண்டாமா என்ற விளிம்பில் சவ்வு நிற்கிறது, செல் ஒரு தட்டுத் தட்டினால் கூடும் என்று நினைப்பவர்களின் கட்சி நான்.

கேள்வி: கொலஸ்ட்ரால் சேர்த்தால் எந்தச் சவ்வும் வலுவாகுமா?

'வலு' என்று ஒன்றைச் சொல்லி நான்கைக் கேட்கிறீர்கள். இழுத்தால் விரிகிறதா? வளைத்தால் வளைகிறதா? கிழிகிறதா? கசிகிறதா?

இழுப்பதை நுண்குழாயில் அளக்கலாம். குமிழியின் ஒரு பகுதியை மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, நாக்குபோல உள்ளே எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது. 1990இல் நீதமும் நன்னும் செய்த அளவீட்டில், எஸ்ஓபிசி என்ற லிப்பிடின் சவ்வில் சரிபாதி கொலஸ்ட்ரால் சேர்த்தபோது விரிய மறுக்கும் தன்மை மீட்டருக்குச் சுமார் 190 மில்லிநியூட்டனிலிருந்து 780 வாக்கில் ஏறியது. நான்கு மடங்கு. கிழிக்கத் தேவைப்பட்ட இழுவிசையும் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கசிவும் குறையும், வால்கள் நிமிர்ந்து நெருங்கினால் தண்ணீர் மூலக்கூறு நழுவ இடுக்கு ஏது?

வளைப்பதில்தான் வம்பு. நிறைவுற்ற வால்கள் என்றால் வளைய மறுப்பது நன்றாகவே கூடும். அதில் தகராறு இல்லை. இரண்டு வாலிலும் இரட்டைப் பிணைப்பால் ஒரு முறிவுள்ள டிஓபிசியில்? 2008, 2009 வாக்கில் எக்ஸ் கதிரிலும் குமிழியின் நடுக்கத்திலும் அளந்தவர்கள், எவ்வளவு கொலஸ்ட்ரால் போட்டாலும் மாற்றமில்லை என்றார்கள். முறிந்த வால் பலகையோடு ஒட்டிப் படியாது என்பதால் பலருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. 2020இல் நியூட்ரான் சுழல் எதிரொலி முறையில் அளந்த குழு, இல்லை, நன்றாகவே கூடுகிறது என்றது. அச்சிலேயே பதிலுக்குப் பதில் நடந்தது. முன்னவர்களில் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது மைக்ரோமீட்டர் அலை, நொடிக் கணக்கு நேரம். பின்னவர்கள் பார்த்தது நானோமீட்டர் அலை, நானோநொடிக் கணக்கு. ஒரே சவ்வு அவசரமாகத் தட்டினால் ஒரு மாதிரியும் ஆற அமர வளைத்தால் வேறு மாதிரியும் பதில் சொல்லலாம். இரண்டு பக்கமும் அளவீடு சரி, கேள்விகள்தான் வேறு என்பது என் ஊகம். இரு தரப்பிலும் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

கேள்வி: எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் சேர்மானத்தில் கொலஸ்ட்ரால் என்று பார்த்தேன். ஏன் போடுகிறார்கள்?

மாடர்னா ஊசியின் லிப்பிட் துகளில் மூலக்கூறு எண்ணிக்கைப்படி 38.5 சதவீதம் கொலஸ்ட்ரால். 2018இல் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் மருந்திலும் இதே அளவு. லிப்பிடுகளுக்கு நடுவே விழும் இடைவெளியை அடைத்து, துகள் குலையாமல் வைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் போனதும் உள்சவ்வோடு கலப்பதற்கும் கைகொடுக்கிறது. மருந்தேற்றிய லிப்போசோம்கள் என்ற நுண்ணிய சவ்வுப் பைகளில் இந்தப் பழக்கம் இன்னும் பழசு. கொலஸ்ட்ரால் இல்லாத டிபிபிசி லிப்போசோமில் ஏதாவது ஒன்றை அடைத்து 41 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். ஜெல்லும் திரவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த நேரத்தில் இரண்டின் எல்லைக்கோட்டு வழியே உள்ளே இருந்தது கொட்டிவிடும். உடம்பின் சூட்டுக்கு அது ரொம்பப் பக்கம். கொலஸ்ட்ரால் அந்த உருகும் கட்டத்தையே துடைத்துவிடுகிறது என்று ஆசிரியைக்குச் சொன்னேனே, அதே சங்கதிதான்.

கேள்வி: ஒரு சவ்வில் அதிகபட்சம் எவ்வளவு கொலஸ்ட்ரால் போட முடியும்?

தலை பெரிதாக இருக்கும் பாஸ்பாட்டிடில்கோலின் சவ்வில் 66 சதவீதம் வரை, அதாவது ஒரு லிப்பிடுக்கு இரண்டு கொலஸ்ட்ரால். தலை சின்னதான பாஸ்பாட்டிடில்எத்தனோலமீனில் 51 வாக்கிலேயே நின்றுவிடும். ஹுவாங்கும் பெய்கன்சனும் சொன்ன குடைக் கணக்கு எனக்குப் பிடித்தது: கொலஸ்ட்ராலுக்குத் தலை இல்லாத குறை. ஒற்றை ஹைட்ராக்சிலை வைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து ஒளிய முடியாது. பக்கத்து லிப்பிடின் தலைதான் குடை. குடை பெரிதானால் இரண்டு பேர் ஒதுங்கலாம், சிறிதானால் ஒருவர். குடைக்கு வெளியே நிற்பவர்கள் சவ்வை விட்டே வெளியேறுவார்கள்.

உடம்பில் இந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கும் இடம் கண்ணின் லென்ஸ். அதன் இழைச் செல்களில் பாஸ்போலிப்பிடைவிடக் கொலஸ்ட்ரால் அதிகம். சவ்வுக்குள்ளேயே கொலஸ்ட்ரால் மட்டுமான திட்டுகளும் இருக்கின்றன.

வெளியேறியவர்களைப் பார்க்க வேண்டுமானால் 70 சதவீதத்தில் ஒரு மாதிரி கலக்கி, இரண்டு நாள் விட்டு, துருவக்கண்ணாடி போட்ட நுண்ணோக்கியில் வையுங்கள். மெல்லிய சாய்சதுரத் தகடுகள், கண்ணாடிச் சில்லு மாதிரி, இருட்டில் வெள்ளையாக மின்னும். சிலவற்றில் ஒரு மூலை மட்டும் கத்தரித்தது போல இருக்கும். பித்தப்பைக் கற்களில் இருப்பதும் இதே கொலஸ்ட்ரால்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செவ்ருல் அந்தக் கல்லிலிருந்து வந்த பொருளுக்குத்தான் கிரேக்கத்தில் பித்தம், கெட்டி என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார். சவ்வுக்குள் இருக்கும்வரை அது கெட்டியே இல்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.